உப்புக் கரைக்கு எந்த பிரேக்? ஹைட்ராலிக் ரிம் பிரேக் குறித்து ஓர் ஆய்வு

தூத்துக்குடி முத்தையாபுரம் பக்கம் ஒரு சைக்கிள் கடை. உப்பள வேலை முடித்து வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, “அண்ணாச்சி, பின் பிரேக்கு பிடிக்கவே மாட்டேங்கு” என்றார். கடைக்காரர் லிவரை அழுத்திப் பார்த்தார். அழுத்தினால் இறங்கியது, விட்டால் மேலே வரவில்லை. நட்டைத் தளர்த்தி, உறைக்குள்ளிருந்து உள்கம்பியை உருவினார். முதல் ஒரு சாண் வெள்ளையாக வந்தது. அதன்பின் செந்தூள் உதிர்ந்தது. உறை வளைந்திருந்த இடத்தில் கம்பியின் புரிகளில் பாதி அறுந்து முள்முள்ளாக நின்றன.

“வாராவாரம் எண்ணெய் விடத்தான செய்றேன்” என்றார் வந்தவர்.

“மேல விடுற எண்ணெய் உள்ள எங்க போகுது? உப்புதான் உள்ள போகும்லா” என்றார் கடைக்காரர்.

இந்தக் கட்டுரையின் பொருள் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. மலைச் சைக்கிளுக்கும் டிரையல்ஸ் எனப்படும் தடைதாண்டும் சைக்கிளுக்கும் என்று வளர்ந்த ஹைட்ராலிக் ரிம் பிரேக்கைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு இறுகப் பிடிக்கும், எவ்வளவு எடை என்றுதான் வழக்கமாகக் கணக்குப் பார்ப்பார்கள். முத்துநகரில் நின்று பார்க்கிறவனுக்கு அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: எந்த பிரேக்குக்குள் உப்பு நுழையாது? அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ராடு, கம்பி, எண்ணெயால் இயங்கும் ஹைட்ராலிக், டிஸ்க் ஆகிய நான்கு வகைகளையும் ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்கலாம்.

உப்பு செய்யும் வேலை

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த பெயர் தூத்துக்குடி. வேம்பாரிலிருந்து ஆறுமுகநேரி வரை பாத்திகளுக்கு நடுவேதான் சாலைகள் போகின்றன. உப்பளத்துக்குப் போகிறவர், துறைமுகத்துக்குப் போகிறவர், மீன் கூடையைக் கேரியரில் கட்டி வருகிறவர், பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லாருடைய சைக்கிளும் ஒரே காற்றில்தான் நிற்கிறது.

அந்தக் காற்றில் வருவது சமையல் உப்பு மட்டும் என்றால் பாதிக் கவலை தீர்ந்திருக்கும். தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை இழுத்துக் கசியும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. உப்பு வாரியபின் பாத்தியில் எஞ்சும் கசப்புநீரில் நிறைந்திருப்பது அதுதான். 33 சதவீத ஈரப்பதமே அது கசியப் போதும். ஆகையால் உச்சி வெயிலில் நிறுத்திய சைக்கிளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. வெளிப்பக்கம் துடைத்தால் போய்விடும். உறைக்குள் புகுந்த படலத்தைத் துடைக்க வழியில்லை. இரும்பு துருவாகும்போது முன்னிருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கிறது. குறுகிய உறைக்குள் அந்த இடம் ஏது? கம்பி இறுகிப்போகிறது.

ராடும் கம்பியும்

பழைய கறுப்பு சைக்கிளில் இருப்பது ராடு பிரேக். கைப்பிடியிலிருந்து இரும்பு ராடுகள் இறங்கி, குதிரை லாடம்போன்ற ஒரு வளையத்தை மேலே இழுக்கும். அதன் இரு முனைகளிலும் உள்ள கட்டைகள் ரிம்மின் உள்வட்டத்தில் போய் உரசும். அழுத்தமாகப் பிடிக்கும் பிரேக் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பெரிய நல்ல குணம் உண்டு. துரு எல்லாம் கண்ணெதிரே இருக்கும். எந்த மூட்டு இறுகியது என்று பார்த்தவுடன் தெரியும், ஒரு சொட்டு எண்ணெயில் இளகும். இந்தக் கரையில் ராடு பிரேக் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குப் பழக்கத்தைவிட இந்தக் குணமே காரணம் என்று நினைக்கிறேன்.

உறைக்குள் ஓடும் கம்பிக்கு எர்னஸ்ட் பௌடன் 1896இல் காப்புரிமை பெற்றார். இழுவிசையை எந்த வளைவுக்குள்ளும் கொண்டுபோகலாம் என்பதால் உலகமே அதற்கு மாறியது. 1996இல் ஷிமானோ கொண்டுவந்த வி-பிரேக்கும் அதே கம்பியில்தான் ஓடுகிறது. நீண்ட கைகள் கொண்ட அது புதிதில் நன்றாகவே பிடிக்கும். ஆனால் கம்பியில் இரண்டு குறைகள் உண்டு. வளைவுதோறும் உரசல் கூடும். பின்சக்கரத்துக்குப் போகும் கம்பி நீளமானது, வளைவுகளும் அதிகம். பின் பிரேக் முதலில் கெடுவது இதனால்தான். உறையின் இரு முனைகளும் திறந்தே இருப்பது இரண்டாவது குறை. உப்புக்கு அந்த வாசல் போதும்.

நனைந்த ரிம்

துருவோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. அது அரிய நிகழ்வு. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த ரிம்மோடு வீடு திரும்புவது ஆண்டுதோறும் உள்ளதுதான்.

குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் என்ன ஆகும்? சைக்கிள் அறிவியலின் அடிப்படை நூலாகிய ‘பைசிக்கிளிங் சயன்ஸ்’ இதை விரிவாகப் பேசுகிறது. சில வகை ரப்பர் கட்டைகளின் பிடிமானம் ஈரத்தில் பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 18 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 5 மீட்டர். ரிம் உலர்ந்திருந்து, ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு 3 மீட்டர் குறைந்தால் சுமார் 4 மீட்டரில் வண்டி நிற்கும். நனைந்து, ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு அரை மீட்டரே குறைந்தால் 25 மீட்டர் ஓடித்தான் நிற்கும். துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் போகிறவருக்கு இந்த 21 மீட்டர் வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

இந்தக் குறைக்கு மருந்து ரிம்மில்தான் இருக்கிறது. அலுமினிய ரிம்மில் ரப்பர் நன்றாகக் கவ்வும், நனைந்தாலும் ஓரிரு சுற்றில் தண்ணீரை வழித்துவிட்டுப் பிடிக்கும். கட்டையை எது தள்ளினாலும் சரி, கம்பியானாலும் எண்ணெயானாலும், இரும்பு ரிம்மை வைத்துக்கொண்டு அந்த பிரேக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

குளியாளுக்குத் தெரிந்த விதி

ஹைட்ராலிக் பிரேக்கின் விதியை மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் உடம்பால் அறிந்திருந்தார்கள். கல்லின் பாரத்தில் பத்துப் பாகம், அதாவது ஏறக்குறைய 18 மீட்டர், இறங்குகிறவரை நீர் மேலிருந்து மட்டும் அழுத்துவதில்லை. காது, கண், மார்பு என எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அழுத்துகிறது. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வீதம் அது கூடும். இந்தக் கரையின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் அதே விதிக்குள் இறங்கி ஏறுகிறார்கள். அடைபட்ட திரவம் தன்மேல் விழுந்த அழுத்தத்தைத் திசை பாராமல், குறையாமல் கடத்தும். 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் இதை விதியாக வகுத்தார்.

பிரேக்கில் நடப்பதும் இதுவே. லிவருக்குள் ஒரு சிறு பிஸ்டன். அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்று எண்ணெயோடு இறங்கி, ரிம்மின் இருபுறமும் உள்ள இரண்டு உருளைகளுக்குப் போகிறது. விளங்குவதற்காக எளிய எண்களை எடுத்துக்கொள்வோம். விரல் 5 கிலோ அழுத்துகிறது, லிவர் அதை நான்கு மடங்காக்குகிறது. பிஸ்டனின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் என்றால் எண்ணெயில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ. கடலில் 200 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் அது. ரிம் பக்கத்து உருளை ஒவ்வொன்றும் இரண்டு சதுர சென்டிமீட்டர் என்றால் ஒவ்வொரு கட்டையும் 40 கிலோ பலத்தோடு ரிம்மை அமுக்கும். குழாய் எத்தனை முறை வளைந்தாலும் இதில் குறைவில்லை.

இந்தப் பலம் சும்மா வரவில்லை. பலம் கூடினால் நகரும் தூரம் குறையும். மேற்சொன்ன கணக்கில் லிவர் பிஸ்டன் 4 மில்லிமீட்டர் நகர்ந்தால் கட்டை ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். அதனால் கட்டையை ரிம்முக்கு மிக அருகிலேயே நிறுத்த வேண்டும். சக்கரத்தில் கோட்டம் இருந்தால் சுற்றுக்கு ஒரு முறை உரசும். பள்ளத்தில் விழுந்து வளைந்த ரிம்மோடு வி-பிரேக்கைத் தளர்த்திவிட்டு ஓட்டிவிடலாம். ஹைட்ராலிக் ரிம் பிரேக் முதலில் கோட்டம் எடுக்கச் சொல்லும்.

மலையிலிருந்து வந்த வரலாறு

வாகனங்களுக்கு இது புதிதல்ல. நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு டூசன்பர்க் கார் 1921இல் வந்துவிட்டது. சைக்கிளுக்கு அந்தத் தேவையை உணர்த்தியது மலை. கலிபோர்னியாவின் மெரின் பகுதியில் 1976 அக்டோபரில் தொடங்கிய மலையிறக்கப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர அச்சுக்குள் இருந்த பிரேக்கின் கிரீஸ் சூட்டில் எரிந்துபோகும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். பந்தயத்தின் பெயரே அந்த வேலையிலிருந்து வந்தது.

ஜெர்மனியின் பாட் உராக் ஊரில் 1893இல் தொடங்கிய மகுரா நிறுவனம் 1987இல் சைக்கிளுக்கான ஹைட்ராலிக் ரிம் பிரேக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னர் வந்த எச்எஸ்11, எச்எஸ்33 ஆகியவை மலைச் சைக்கிளிலும் நெடும்பயணச் சைக்கிளிலும் ஐரோப்பாவெங்கும் பரவின. கட்டை இரு பக்கத்திலிருந்தும் நேராக வந்து முழுப்பரப்பும் படும்படி ரிம்மைத் தொடும். தேய்ந்தால் லிவரில் உள்ள திருகைத் திருப்பிக் கட்டையை நெருக்கலாம். கருவி இல்லாமல் கையாலேயே பழைய கட்டையைப் பிடுங்கிப் புதியதைச் சொருகலாம்.

நம் கரைக்கு முக்கியமான செய்தி அதன் எண்ணெயில் இருக்கிறது. மகுரா பயன்படுத்துவது தாது எண்ணெய். மோட்டார் பைக்கில் ஊற்றும் டாட் 3, டாட் 4 திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டிய டாட் 4, ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம் என்று அதன் தர அளவே வகுத்திருக்கிறது. அதனால்தான் அதை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். தாது எண்ணெய் ஈரத்தை இழுக்காது. குழாய் பிளாஸ்டிக், உள்ளே எண்ணெய், இரு முனையும் அடைப்பு. முத்தையாபுரம் கடையில் உதிர்ந்த செந்தூளுக்கு இங்கே இடமே இல்லை.

டிரையல்ஸ் ஏன் இதை விடவில்லை

மலைச் சைக்கிள் உலகம் 2000க்குப் பிறகு டிஸ்க் பிரேக்குக்குப் போய்விட்டது. டிரையல்ஸ் வீரர்களில் பலர் மட்டும் பின்சக்கரத்துக்கு ஹைட்ராலிக் ரிம் பிரேக்கையே வைத்துக்கொண்டார்கள். ஸ்பெயினின் கட்டலோனியாவில் மோட்டார் சைக்கிள் டிரையலைப் பார்த்து உருவான விளையாட்டு இது. காலைத் தரையில் ஊன்றாமல் பாறை, மரக்கட்டை, சுவர் எனத் தாவ வேண்டும். வீரர் பின்சக்கரத்தில் மட்டும் நின்று, இருக்கையில்லாத வண்டியை நிமிர்த்திப் பிடித்திருப்பார். சக்கரம் நிற்பது ஒரு கையகல விளிம்பில். ஒரு விரல் லிவரை அழுத்தியிருக்கிறது. அந்தக் கணத்தில் சக்கரம் ஒரு விரற்கடை நழுவினாலும் ஆள் கீழே.

டிஸ்க் பிரேக்கின் சிக்கல் இங்கேதான். அது சக்கரத்தின் நடுவைப் பிடிக்கிறது. நடுவிலிருந்து டயருக்கு விசை போக ஸ்போக்ஸ் கம்பிகள் முறுக்கேற வேண்டும். அந்தச் சிறு நெகிழ்வை விளிம்பில் நிற்கிறவர் காலடியில் உணர்வார். ரிம் பிரேக் டயருக்குப் பக்கத்திலேயே பிடிப்பதால் நெகிழ்வு இல்லை. அளவும் துணை நிற்கிறது. 26 அங்குலச் சக்கரத்தில் ரிம்மின் விட்டம் 559 மில்லிமீட்டர். வழக்கமான டிஸ்க் 160. ஒரே பிடிமானத்துக்கு டிஸ்க்கின் கட்டை ஏறக்குறைய மூன்றரை மடங்கு பலம் கொடுத்தாக வேண்டும்.

டிரையல்ஸ்காரர்கள் இன்னும் ஒரு படி போகிறார்கள். கிரைண்டரை வைத்து ரிம்மின் பக்கச்சுவரில் குறுக்குக் கீறல் போட்டு, அம்மிபோலக் கொத்திவிடுகிறார்கள். கட்டை சீக்கிரம் தேயும், ஓசை காதைக் கிழிக்கும், ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். கட்டைகள் தள்ளும் பலத்தில் சட்டத்தின் பின்கால்களே வெளிப்புறம் விரியும் என்பதால், இரண்டையும் இணைத்து லாட வடிவில் ஒரு இரும்போ அலுமினியமோ பூட்டுகிறார்கள்.

எதிர்வாதங்கள்

இதற்கு எதிரான வாதங்களும் வலுவானவை.

முதல் வாதம், வெப்பம். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. ஆளும் வண்டியுமாக 90 கிலோ, 1000 மீட்டர் உயரம் இறங்கினால் கரைக்க வேண்டிய ஆற்றல் சுமார் 8.8 லட்சம் ஜூல். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் அது. காற்று ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும் மிச்சம் ரிம்மில் இறங்கும். ரிம் சுட்டால் டியூப் வெடிக்கலாம். நீண்ட மலையிறக்கத்தில் டிஸ்க்குக்குத்தான் வெற்றி. சேற்றிலும் அப்படியே. ஒரே ஆறுதல், ரிம் பிரேக்கில் சூடு எண்ணெயிலிருந்து விலகியே நிற்கிறது.

இரண்டாவது, அடைப்பு வளையம். ஹைட்ராலிக்கின் உயிர் அந்தச் சிறு ரப்பர் சீலில் இருக்கிறது. 2013 டிசம்பரில் ஸ்ராம் நிறுவனம் தன் ஹைட்ராலிக் சாலைச் சைக்கிள் பிரேக்குகளை, ரிம் வகையையும் சேர்த்து, திரும்பப் பெற்றது. உறைகுளிரில் லிவருக்குள் இருந்த சீல் இறுக்கத்தை இழந்ததே காரணம். தூத்துக்குடியில் பனி உறையாது. ஆயினும் கம்பி நாள்பட நாள்படக் கெட்டு எச்சரிக்கும், சீல் போனால் பிரேக் ஒரே நொடியில் போய்விடும் என்ற பாடம் எல்லா ஊருக்கும் பொதுவானது.

மூன்றாவதே நமக்குப் பெரியது: பழுதுபார்ப்பு. கம்பி அறுந்தால் எந்தத் தெருமுனையிலும் சில நிமிட வேலை. எண்ணெய்க் குழாய் அறுந்தால் சிரிஞ்சு வேண்டும், சரியான எண்ணெய் வேண்டும், காற்றுக்குமிழி இல்லாமல் ஏற்றத் தெரிந்த கை வேண்டும். மெக்கானிக் நல்லெண்ணத்தோடு பக்கத்திலிருக்கும் டாட் திரவத்தை ஊற்றிவிட்டால் தாது எண்ணெய்க்கான சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். கைக்கும் கடைக்கும் எட்டாத பிரேக், எவ்வளவு நல்லதானாலும், உழைக்கிறவருக்கு நல்ல பிரேக் ஆகாது.

டிஸ்க்கையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். விலை மலிவான கியர் சைக்கிள்களில் வரும் டிஸ்க் பல, கம்பியால் இயங்குபவை. முன்னால் பளபளக்கும் வட்டத்தைப் பார்த்து வாங்குகிறோம், அதை இழுக்கிற கம்பி அதே பழைய கம்பிதான். உப்புக்கு அதிலும் வாசல் திறந்தே இருக்கிறது.

முடிவு

நான்கையும் வைத்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவாவது இது. டிரையல்ஸுக்கு ஹைட்ராலிக் ரிம் பிரேக் இன்றும் முதல்தரம். நெடும்பயணம் போகிறவர், கடலோரத்திலேயே வண்டி நிறுத்துகிறவர், சிரிஞ்சு பிடிக்கக் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறவர் ஆகியோருக்கும் அதைத் துணிந்து சொல்லலாம். மலையிறக்கத்துக்கு எண்ணெயால் இயங்கும் டிஸ்க், அதிலும் தாது எண்ணெய் வகை. உப்பளத்துக்கும் பள்ளிக்கும் போகிற சைக்கிளுக்கு இவை எதுவும் தேவையில்லை. ஹைட்ராலிக் கற்றுத்தந்த பாடம் மட்டும் போதும்: உப்பு நுழையும் வாசலை அடை. அலுமினிய ரிம், எவர்சில்வர் உள்கம்பி, உட்புறம் பிளாஸ்டிக் பூசிய உறை, உறையின் முனைகளில் ரப்பர் மூடி. விலையில் இவை கூட்டும் தொகை சிறியது.

இதைச் சோதிக்க வெளிநாடு போக வேண்டாம். காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பு ஆய்வில் நாட்டின் முதன்மையான கூடம். மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடற்கரையிலேயே அதற்குக் கிளைகள் உண்டு. 5 சதவீத உப்புக்கரைசலை 35 டிகிரி வெப்பத்தில் பனிபோலத் தெளித்துப் பார்க்கும் சோதனை உலகெங்கும் நடைமுறையில் உள்ளது. கப்பலுக்கும் பாலத்துக்கும் செய்யும் அந்தச் சோதனையை ஒரு பிரேக் கம்பிக்கும் செய்யலாம்.

தமிழக அரசு ஆண்டுதோறும் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விலையில்லா சைக்கிள் வழங்குகிறது. நமக்கோ ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை. கடலோர மாவட்டங்களுக்குப் போகும் வண்டிகளின் டெண்டரில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: உள்கம்பி எவர்சில்வராகவும் ரிம் அலுமினியமாகவும் இருக்க வேண்டும், உப்புத் தெளிப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். அதுவரை இதைப் படிக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். ஐப்பசி மழைக்கு முன் வீட்டுப் பிள்ளையின் சைக்கிளில் பின் பிரேக் லிவரை அழுத்தி விடுங்கள். தானாக மேலே வரவில்லை என்றால் எண்ணெய் விடாதீர்கள், அன்றைக்கே கம்பியை மாற்றிவிடுங்கள்.